பழைய கார், பெரிய சத்தம்: சைலன்சர் கேள்வி-பதில்

இந்த முறை வந்திருக்கும் கேள்விகளில் பாதிக்கு மேல் சைலன்சர் பற்றித்தான். மழைக்காலம் போனதும் எப்போதும் இப்படித்தான். பதிலுக்குப் போகும் முன் ஒன்று. 'சைலன்சர் போச்சு' என்று நாம் சொல்வது பின்னால் தொங்கும் டப்பாவை மட்டும். ஆனால் புகை வரும் பாதை எஞ்சின் தலையிலேயே ஆரம்பிக்கிறது: மேனிஃபோல்ட் (எஞ்சினிலிருந்து புகையை வாங்கிச் சேர்க்கும் குழாய்), கன்வெர்ட்டர் (புகையைச் சுத்தமாக்கும் பெட்டி), நடுக்குழாய், அப்புறம்தான் டப்பா. ஓட்டை எங்கே என்று பார்க்காமல் டப்பாவை மாற்றினால் காசுதான் போகும், சத்தம் அங்கேயே இருக்கும்.

2004 மாருதி 800. காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'டிக் டிக்' என்று சத்தம், பத்து நிமிடம் ஓடினால் நின்றுவிடுகிறது. டேப்பெட் (வால்வைத் திறக்கும் பாகம்) என்று சொல்லி இரண்டு முறை அட்ஜஸ்ட் செய்தாகிவிட்டது, பயனில்லை. — திருநெல்வேலி

சூடானதும் நிற்கிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், அதில் பாதி விடை இருக்கிறது. மேனிஃபோல்ட் எஞ்சினோடு சேரும் இடத்தில் இருக்கும் பேக்கிங் எரிந்திருந்தாலோ மேனிஃபோல்டில் மயிரிழை வெடிப்பு இருந்தாலோ, குளிர்ந்த நிலையில் அந்த இடைவெளி வழியாகப் புகை துடித்துத் துடித்து வெளியே வரும், கேட்டால் அச்சு அசல் டேப்பெட் மாதிரியே இருக்கும். இரும்பு சூடேறி விரிந்ததும் இடைவெளி மூடிக்கொள்ளும், சத்தமும் போய்விடும். டேப்பெட் சத்தம் என்றால் பெரும்பாலும் சூடான பிறகும் கேட்கும்.

உறுதி செய்துகொள்வது எளிது. எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும்போது மேனிஃபோல்டின் மேல் உள்ள தகரக் கவசத்தைக் கழற்றிவிட்டு, பேக்கிங் ஓரமாக டார்ச் அடித்துப் பாருங்கள். ஒழுகும் இடத்தில் மை தீட்டியதுபோலக் கரிக்கோடு இருக்கும். தெரியவில்லையா, ஒரு முழம் ரப்பர் டியூபை ஒரு முனை காதில் வைத்து, மறுமுனையைக் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் அந்த ஓரமாக நகர்த்துங்கள் (ஃபேன், பெல்ட் பக்கம் கை போகாமல்). ஒழுகும் இடம் வந்ததும் சத்தம் காதில் அறைகிற மாதிரி கேட்கும்.

வேலை என்னமோ பேக்கிங் மாற்றுவதுதான், ஆபத்து மேனிஃபோல்டைப் பிடித்திருக்கும் ஸ்டட் போல்ட்களில். இத்தனை வருடம் வெந்து துருப்பிடித்தவை, நீளமான பைப்பைப் போட்டு ஒரே இழுவையில் திருப்பினால் பாதியில் முறியும், முறிந்த துண்டு அலுமினியத் தலைக்குள் மாட்டிக்கொண்டால் பேக்கிங் மாற்றும் வேலை எஞ்சின் தலையையே (ஹெட்) இறக்கும் வேலையாக மாறிவிடும். முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெயை அடித்து ஊறவிடச் சொல்லுங்கள், வராவிட்டால் நட்டைச் சூடாக்கி, கொஞ்சம் திறந்து கொஞ்சம் மூடி என்று பொறுமையாக எடுக்கட்டும். கழற்றிய மேனிஃபோல்டின் முகத்தில் ஸ்டீல் ஸ்கேலை வைத்துப் பார்க்க வேண்டும், வளைந்திருந்தால் பட்டறையில் கொடுத்து மட்டம் தட்டாமல் புது பேக்கிங் போடுவது வீண். மாட்டும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும்.

இதைத் தள்ளிப்போடாதீர்கள். ஆக்சிஜன் சென்சார் (புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சம் என்று அளப்பது) உள்ள வண்டியில் அதற்கு முன்னால் ஓட்டை இருந்தால், புகை வெளியே போவதோடு காற்றும் உள்ளே இழுக்கப்படும். சென்சார் அந்தக் காற்றைப் பார்த்து 'பெட்ரோல் குறைவு' என்று சொல்லும், கம்ப்யூட்டரும் நம்பிக்கொண்டு கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றும். மைலேஜ் குறைகிறது என்று பிளக், ஃபில்டர் எல்லாம் மாற்றிக்கொண்டிருப்பவர்களில் சிலருக்குக் காரணம் இதுதான்.

ஆம்னியில் காய்கறி ஏற்றுகிறேன். மூட்டை நீண்டால் பின்கதவைத் தூக்கிக் கயிற்றால் கட்டிவிட்டு ஓட்டுவேன். சமீபகாலமாக வண்டிக்குள் புகை வாடை, எனக்கும் பையனுக்கும் தலைவலி. — ஒட்டன்சத்திரம்

அண்ணா, முதலில் கதவை மூடி ஓட்டுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

ஓடும் வேன் தனக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைந்த ஓர் இடத்தை உண்டாக்கிக்கொண்டே போகிறது. வால்குழாயிலிருந்து வரும் புகை அங்கே சுழலும். பின்கதவு திறந்திருந்தால் அது நேராக உள்ளே வரும். சைலன்சர் புத்தம் புதிதாக இருந்தாலும் வரும். உங்கள் வண்டியில் ஓட்டையும் சேர்ந்திருக்கலாம். ஆம்னிக்கு எஞ்சினே முன்சீட்டுக்கு அடியில்தான், ஆகவே முன்பக்கம் ஒழுகினால் அந்தப் புகை உட்கார்ந்திருப்பவருக்கு நேர் கீழே.

வாடையை வைத்து அளக்கவும் கூடாது. ஆளைக் கொல்வது கார்பன் மோனாக்சைடு, அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், தூக்கக் கலக்கம், அதற்கப்புறம் மயக்கம். வண்டியை விட்டு இறங்கிக் காற்றாட நின்றால் தலைவலி குறைகிறதா? குறைந்தால் சந்தேகமே வேண்டாம், சரிசெய்யும் வரை அந்த வண்டியில் பையனை ஏற்றாதீர்கள். மயக்கமோ வாந்தியோ வந்தால் நேராக ஆஸ்பத்திரி, போனதும் புகை விஷயத்தைச் சொல்லுங்கள்.

பட்டறையில் மூன்று இடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்: சைலன்சர் முழு நீளம், சீட்டுக்கு அடியில் உள்ள எஞ்சின் மூடியின் ரப்பர், தரைத் தகட்டில் துருவால் விழுந்த ஓட்டைகள். அப்புறம், எந்த வண்டியாக இருந்தாலும் சரி, நிறுத்திய வண்டியில் ஏசி போட்டுக்கொண்டு தூங்குவதை விட்டுவிடுங்கள்.

சைலன்சர் முனையில் காலையில் தண்ணீர் சொட்டுகிறது. டப்பாவின் அடியில் சின்ன ஓட்டையும் இருக்கிறது. அடைக்கலாமா? — தஞ்சாவூர்

அடைக்காதீர்கள். வட்டமாக, ஆணி அளவில், டப்பாவின் மிகத் தாழ்ந்த இடத்தில் இருந்தால் அது கம்பெனியே போட்ட வடிகால். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறுகிறது, அது குளிர்ந்த டப்பாவில் பட்டுத் தண்ணீராகிறது. இருபது முப்பது நிமிடம் ஓடினால் டப்பா சூடாகி உலர்ந்துவிடும். வீட்டுக்கும் கடைக்குமாக இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டிகளில்தான் தண்ணீர் உள்ளேயே தங்கி, உள்ளிருந்து துருப்பிடிக்கும். ஓரம் ஒழுங்கில்லாமல், சுற்றிலும் தகடு அப்பளமாக நொறுங்கினால் அது துரு ஓட்டை, கதை வேறு.

சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் பேக்கிங்கைப் பாருங்கள்.

நடுக்குழாயில் கட்டைவிரல் போகிற அளவு ஓட்டை. குழாய்க்குப் போடும் எபாக்ஸி பசை வைத்தேன், உதிர்ந்துவிட்டது. வெல்டிங் வைத்தால் தாங்குமா? — நாகப்பட்டினம்

அந்தப் பசை இந்தச் சூட்டைத் தாங்கவே தாங்காது. சைலன்சருக்கென்றே, சூட்டில் இறுகும் பேஸ்ட்டும் சுற்றுப்பட்டையும் கிடைக்கின்றன, ஆனால் அதுவும் ஊர் போய்ச் சேரும் வரைக்கும்தான்.

வெல்டிங் தாங்குமா என்பது ஓட்டையைவிட அதைச் சுற்றியுள்ள தகட்டைப் பொறுத்தது. ஸ்க்ரூ டிரைவர் பிடியால் சுற்றிலும் தட்டிப் பாருங்கள். 'டங்' என்றால் உயிர் இருக்கிறது. 'பொத்' என்றாலோ துருச்செதில் கொட்டினாலோ வெல்டிங் வைக்க வைக்க ஓட்டை பெரிதாகிக்கொண்டே போகும். நல்ல தகடு வரும் வரை வெட்டி எறிந்துவிட்டு, அதே விட்டத்தில் புதுக்குழாய்த் துண்டு சேர்ப்பதுதான் சரி. ஒட்டுப் போட்டவர் சிறியது பெரியது என்று கையில் கிடைத்த குழாயைச் செருகினால் பிக்கப் போய்விடும். உங்களுடையது கடலோர ஊர் வேறு, உப்புக்காற்று. டப்பாவும் அதே வயதுதான் என்றால் இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.

வெல்டிங்குக்கு முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றச் சொல்லுங்கள், எர்த் கிளிப்பை வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே போடச் சொல்லுங்கள். பெட்ரோல் டேங்க், பிரேக் லைன் பக்கம் என்றால் குழாயைக் கழற்றிக் கீழே வைத்துத்தான் நெருப்புக் காட்ட வேண்டும். வண்டியிலேயே வைத்து 'அஞ்சு நிமிஷம் சார்' என்றால் வேறு கடை பாருங்கள்.

மேட்டில் வண்டி இழுக்கவில்லை, மூன்றாயிரம் ஆர்பிஎம் தாண்டவே மாட்டேன் என்கிறது. கன்வெர்ட்டர் அடைத்துவிட்டது, உள்ளே இருப்பதைத் தட்டி எடுத்துவிடலாம் என்கிறார்கள். — குன்னூர்

அடைத்திருக்கலாம், ஆனால் அளக்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். கன்வெர்ட்டருக்கு முன்னால் உள்ள ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி, அந்தத் துளையில் அழுத்தமானி வைத்தால் தெரிந்துவிடும். ஐட்லிங்கில் (வண்டி நிற்க எஞ்சின் மட்டும் ஓடும்போது) அழுத்தம் ஒன்றரை பிஎஸ்ஐக்கு மேல் போனால் சந்தேகம், 2500 ஆர்பிஎம்மில் மூன்றைத் தாண்டினால் அடைப்பு உறுதி. கன்வெர்ட்டரை ரப்பர் சுத்தியால் தட்டும்போது கலகல என்றால் உள்ளே தேன்கூடு போன்ற பகுதி உடைந்திருக்கிறது.

கன்வெர்ட்டர் பெரும்பாலும் தானாகச் சாவதில்லை. மிஸ்ஃபயரால் (சிலிண்டரில் பெட்ரோல் சரியாகப் பற்றாமல் போவதால்) எரியாத பெட்ரோல் உள்ளே போய் உருகியிருக்கும், இல்லை எஞ்சின் ஆயில் எரிந்து படிந்திருக்கும். அந்தக் காரணத்தைச் சரிசெய்யாமல் புதியது போட்டால் அதற்கும் அதே கதி. தட்டி எடுப்பது சட்டப்படி தப்பு, புகைச் சோதனையிலும் மாட்டுவீர்கள். இன்னொன்று: அதற்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கிறது, பழசுக்கு நல்ல விலை. இலவசமாகவே எடுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தத் தாராளம் எங்கேயிருந்து வருகிறது என்று யோசியுங்கள். மாற்றினால் பழையதைக் கையில் கேட்டு வாங்குங்கள்.

ஐட்லிங்கில் மட்டும் கீழே தகரம் அதிர்கிற சத்தம். — மதுரை

சூட்டுக்கவசத் தகரம். போல்ட் ஓட்டை துருவில் அகன்றிருக்கும். குழாயைச் சுற்றிப் பெரிய ஸ்டீல் ஹோஸ் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். கழற்றி எறியாதீர்கள், கீழே காய்ந்த புல் மேல் நிறுத்தும் நாளில் அது வேண்டும். சைலன்சரைத் தொங்கவிடும் ஹேங்கர் ரப்பர்களையும் பார்த்துவிடுங்கள்.

ஃப்ளெக்ஸ் பைப் (வளைந்துகொடுக்கும் பின்னல் குழாய்) மாற்றி ஒரு வருடம்கூட ஆகவில்லை, மறுபடி கிழிந்துவிட்டது. — ஓசூர்

பைப்பைக் குற்றம் சொல்லும் முன் எஞ்சினைத் தாங்கிப் பிடிக்கும் மவுண்டிங்கைப் பாருங்கள். பானெட்டைத் திறந்து வைத்து, பிரேக்கை முழுக்க மிதித்தபடி கிளட்சை லேசாக விடச் சொல்லிவிட்டுப் பக்கவாட்டில் நின்று கவனியுங்கள், வண்டிக்கு நேர் முன்னால் நிற்க வேண்டாம். எஞ்சின் துள்ளினால் மவுண்டிங் போய்விட்டது. அந்தத் துள்ளலை எல்லாம் இந்தப் பின்னல் குழாய்தான் வாங்குகிறது. பின்னலின் மேலேயே வெல்டிங் வைக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு, வளைய வேண்டியதை விறைக்க வைத்தால் பக்கத்தில் இன்னோர் இடம் விடும்.

சைலன்சரில் ஓட்டையோடு போனால் புகைச் சான்றிதழ் கிடைக்குமா? — சேலம்

ஓட்டை வழியாகக் காற்று கலந்து அளவு குறைவாகக் காட்டலாம், அதனால் சிலருக்குக் கிடைத்தும் விடுகிறது. ஆனால் சென்சாருக்கு முன்னால் ஓட்டை என்றால் மேலே சொன்ன மாதிரி பெட்ரோல் கூடி, கார்பன் மோனாக்சைடு ஏறி, ஃபெயிலாகவும் ஆகும். பிஎஸ்-3 (பழைய புகை விதி) வரையிலான வண்டிக்குச் சான்றிதழ் 6 மாதம்தான், இல்லாமல் பிடிபட்டால் அபராதம் 10,000 ரூபாய் வரை. ஓட்டையை அடைத்துவிட்டு, எஞ்சின் நன்றாகச் சூடாகும்வரை ஓட்டிக்கொண்டு போய், அணைக்காமல் சோதனைக்கு விடுங்கள்.