சமூக அமைப்புகள் கைகோத்தால் பொதுச் சுகாதாரம் எப்படி மேம்படும்?

நோய்த்தடுப்பு வேலையை அரசும் உள்ளூர் அமைப்புகளும் பங்கு போட்டுச் செய்வதுதான் இது. மருந்து அரசிடம் இருக்கும். மக்களின் நம்பிக்கை உள்ளூர்க்காரர்களிடம் இருக்கும்.

இந்தியாவின் போலியோ ஒழிப்பையே பாருங்கள். உத்தரப் பிரதேசத்தில் சொட்டு மருந்துக்குப் பயந்து கதவைச் சாத்திய வீடுகள் ஏராளம். யுனிசெஃப் பயிற்சி கொடுத்த உள்ளூர்ப் பெண்கள் அங்கே போய்ப் பேசினார்கள், இமாம்கள் பள்ளிவாசலில் அறிவித்தார்கள், ரோட்டரி சங்கத்தினர் முகாம்களில் நின்றார்கள். மருந்து போட்ட குழந்தையின் சுண்டுவிரலில் மை. விடுபட்ட வீட்டுச் சுவரில் ஒரு பெருக்கல் குறி, மறுபடி வருவதற்கு. ஓர் ஓடு உடைந்தாலும் கூரை ஒழுகும் இல்லையா, அதனால்தான் இத்தனை பிடிவாதம். காட்டுவகைப் போலியோ, அதாவது இயற்கையாகப் பரவும் போலியோ, இந்தியாவில் கடைசியாக வந்தது 2011 ஜனவரியில்.

அப்புறம், அமைப்புகள் இருந்தால் அரசு ஒதுங்கிக்கொள்ளலாம் என்று சிலர் நினைப்பது தவறு. மருந்தைக் குளிர்பெட்டியில் ஊர் ஊராக அனுப்பும் பொறுப்பு அரசுடையதாகவே இருந்தது.