ஒரு பெயருக்கு ஓர் ஓடு: வாசகர் கேள்வி–பதில்

அருங்காட்சியகங்களில் உள்ள கடல் நத்தை ஓடுகளைப் பற்றியும், அவற்றுள் ஒரு சிற்றினத்தின் அறிவியல் பெயருக்கு ஆதாரமாக, ‘வகைமாதிரி’ எனத் தனியே பிரித்துப் பாதுகாக்கப்படுபவற்றைப் பற்றியும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே விடை தருகிறோம்.

கேள்வி: ஓர் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் சேமிப்பு அறையைப் படத்தில் பார்த்தேன். ‘ஹோலோடைப்’ என்ற சிவப்புச் சீட்டுடன் இருந்த சங்கு நிறம் வெளிறி, வாய் விளிம்பு உடைந்து கிடந்தது. அதே சிற்றினத்தின் பழுதற்ற, பளபளப்பான ஓடுகள் அடுத்த தட்டிலேயே இருந்தன. அவற்றில் ஒன்றை ஏன் தேர்ந்தெடுக்கவில்லை?

பதில்: ஹோலோடைப் என்பது சிற்றினத்தின் அழகிய பிரதிநிதியும் அன்று, அதன் சராசரி உருவமும் அன்று. புதிய பெயரை முதன்முதலில் வெளியிட்டவர், ‘இந்தப் பெயர் இதற்கு உரியது’ என்று எந்த ஓட்டைச் சுட்டினாரோ அதுவே ஹோலோடைப். அவர் எழுதிய விவரிப்பில் பிழை இருக்கலாம். அளவுகள் மாறிப் போயிருக்கலாம். வரைந்த ஓவியர் ஒரு முள்ளைக் கூட்டியோ குறைத்தோ வரைந்திருக்கலாம். அந்த ஓடு இருக்கும் வரை, அந்தப் பிழைகளையெல்லாம் அதை எடுத்துப் பார்த்தே திருத்திக்கொள்ளலாம்.

இதன் பயன் பெரும்பாலும் பல ஆண்டுகள் கழித்தே தெரியவரும். ஒரே சிற்றினம் என்று கருதப்பட்டு வந்தவை உண்மையில் மூன்று சிற்றினங்கள் என ஓர் ஆய்வாளர் கண்டறிகிறார் என்று வைத்துக்கொள்வோம். பழைய பெயர் மூன்றில் எதற்குச் சேர வேண்டும்? அதை அவருடைய விருப்பமோ, எது அதிகம் கிடைக்கிறது என்பதோ முடிவு செய்வதில்லை. ஹோலோடைப் எந்தப் பிரிவில் அடங்குகிறதோ அந்தப் பிரிவே பழைய பெயரைப் பெறும். மற்ற இரண்டுக்கும் வேறு பெயர்கள் தேட வேண்டும். நீங்கள் பார்த்த பளபளப்பான ஓடுகள் நாளையே வேறு சிற்றினம் என்று ஆகிவிடலாம். உடைந்த அந்தச் சங்குக்கு மட்டும் அப்படி நேராது.

தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே இல்லாத சூழலும் உண்டு. வில்லியம் பிராடரிப் 1828இல் ‘சிப்ரியா லூக்கோடான்’ என்ற சோழிக்குப் பெயர் சூட்டியபோது அவர் கையில் இருந்தது ஒரே ஓடு. அது எந்தக் கடலில் வாழ்கிறது என்பது நூறாண்டுகளுக்கு மேலாகியும் தெளிவாகவில்லை. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் பிலிப்பைன்ஸ் கடற்பகுதியிலிருந்து அந்தச் சோழிகள் வரத் தொடங்கின. அவை எந்தச் சிற்றினம் என்ற கேள்விக்கு இறுதி ஆதாரம் 1828ஆம் ஆண்டின் அந்த ஒற்றை ஓடுதான்.

கேள்வி: ஹோலோடைப், பாராடைப், சின்டைப், லெக்டோடைப், நியோடைப் என்று இத்தனை பிரிவுகள் எதற்கு?

பதில்: இவற்றுள் பெயரைத் தாங்குபவை நான்கு, பாராடைப் அந்தத் தகுதி இல்லாதது. ஹோலோடைப்புடன் சேர்த்து ஆசிரியர் ஆராய்ந்த, அதே சிற்றினம் என்று அவர் கருதிய மற்ற மாதிரிகளே பாராடைப்புகள். பல அளவுகளையும் வளர்ச்சிப் பருவங்களையும் காட்டுவதால் அவை மிகவும் பயனுள்ளவை. ஆனால் பெயர் அவற்றைச் சார்ந்து நிற்பதில்லை.

பழைய ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரே ஓட்டைச் சுட்டவில்லை. கையிலிருந்த அனைத்தையும் வைத்தே விவரித்தார்கள். அப்படிப்பட்ட தொகுதியில் உள்ள ஒவ்வோர் ஓடும் சின்டைப் ஆகும். இதற்கு மிகப் பெரிய எடுத்துக்காட்டு ஹியூ கமிங்கின் சேகரிப்பு. தென் அமெரிக்காவின் மேற்குக் கரை, பாலினேசியா, பிலிப்பைன்ஸ் எனப் பல கடற்பகுதிகளில் சேகரித்த கமிங் 1865இல் காலமானார். ஏறத்தாழ 83,000 மாதிரிகள் கொண்ட அவருடைய சேகரிப்பை மறு ஆண்டே பிரிட்டிஷ் அருங்காட்சியகம் வாங்கியது. லவல் ரீவ், சோவர்பி குடும்பத்தினர், ஆர்தர் ஆடம்ஸ் முதலியோர் பெயர் சூட்டிய ஏராளமான கடல் நத்தைகளின் சின்டைப்புகள் அதில்தான் உள்ளன. ஓர் அட்டையில் இரண்டு மூன்று ஓடுகள் இருக்க, அவற்றுள் ஒன்று வேறு சிற்றினமாக இருந்துவிட்டால் பெயர் எதைச் சேரும் என்ற சிக்கல் எழுகிறது. அப்போது பின்னாளைய ஆய்வாளர் ஒருவர் அவற்றுள் ஒன்றை மட்டும் லெக்டோடைப்பாக அறிவிக்கிறார்; எஞ்சியவை பெயர் தாங்கும் தகுதியை இழக்கின்றன.

இந்தத் தேர்வு எளிதானதன்று. மூல நூலின் படத்தை அருகில் வைத்து, உயரத்தை மில்லிமீட்டர் கணக்கில் அளந்து, கடைசிச் சுற்றில் உள்ள பழுப்புப் பட்டைகளை எண்ணிப் பார்க்க வேண்டும். நத்தை உயிருடன் இருந்தபோது நண்டு கடித்து உடைத்து, பிறகு வளர்ந்து மூடிய தழும்பு ஒன்று படத்திலும் ஓட்டிலும் ஒரே இடத்தில் இருந்தால், அதைவிட உறுதியான சான்று வேறு தேவையில்லை. இன்னும் நல்ல ஓடு கிடைத்தால் பழையதை அகற்றிவிட்டு அதை வைக்கும் பழக்கம் அன்றைய சேகரிப்பாளர்களிடம் இருந்ததால், அட்டையில் இருப்பதாலேயே ஓர் ஓட்டை நம்பிவிடக் கூடாது. அழகை நாடி அவர்கள் செய்த அந்த மாற்றங்களால் நாம் இழந்தவை மிக அதிகம் என்பதே என் கருத்து.

மூல மாதிரிகள் எல்லாம் அழிந்துபோய், பெயர் எதைக் குறிக்கிறது என்பதில் உண்மையான குழப்பமும் இருந்தால் மட்டுமே நியோடைப் அறிவிக்கலாம்.

2000ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ள சர்வதேச விலங்கியல் பெயரீட்டு விதித்தொகுப்பின் நான்காம் பதிப்பின்படி, புதிய சிற்றினத்துக்குப் பெயர் சூட்டுபவர் ஹோலோடைப்பையோ சின்டைப்புகளையோ வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். அவை எந்தச் சேகரிப்பில் வைக்கப்படும் என்பதையும் எழுத வேண்டும். எவ்வளவு புகழ் பெற்ற உயிரினமானாலும் இதற்கு விலக்கில்லை. இந்தியப் பெருங்கடலின் ஆழ்கடல் வெந்நீர் ஊற்றுப் பகுதியில் 2001இல் கண்டறியப்பட்டு, பாதத்தில் இரும்பு சல்பைடு செதில்களைக் கொண்டது என்று உலகெங்கும் பேசப்பட்ட நத்தைக்கு, முறையான விவரிப்போடு ‘கிரைசோமல்லான் ஸ்குவாமிஃபெரம்’ என்ற பெயர் செல்லுபடியானது 2015இல்தான்.

கேள்வி: சங்கின் அறிவியல் பெயரான டர்பினெல்லா பைரம் என்பதைத் தொடர்ந்து ‘(லின்னேயஸ், 1767)’ என்று அடைப்புக்குறி இடுகிறார்கள். சில சிற்றினங்களுக்கு அடைப்புக்குறி இல்லை. ஏன்?

பதில்: லின்னேயஸ் அதை ‘வோலூட்டா’ பேரினத்தில் வைத்து வோலூட்டா பைரம் என்று பெயரிட்டார். பேரினம் பிற்காலத்தில் மாறியதை அடைப்புக்குறி காட்டுகிறது. வகைமாதிரிப் பட்டியல்கள் பெரும்பாலும் மூலப் பெயரின்படியே அடுக்கப்பட்டிருக்கும். ஆகவே நீங்கள் தேடும்போது பழைய பெயரையும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

கேள்வி: லின்னேயஸ் பெயரிட்ட நத்தைகளின் வகைமாதிரிகள் இன்றும் இருக்கின்றனவா?

பதில்: பல இருக்கின்றன. விலங்குகளுக்கான இன்றைய பெயர் முறை அவருடைய 1758ஆம் ஆண்டு நூலிலிருந்து தொடங்குகிறது. அவருடைய சொந்தச் சேகரிப்பை 1784இல் ஜேம்ஸ் எட்வர்ட் ஸ்மித் விலைக்கு வாங்கினார். அது இப்போது லண்டனில் உள்ள லின்னேயன் சங்கத்தின் பொறுப்பில் உள்ளது. சுவீடன் அரசி லொவீசா உல்ரிக்காவின் சேகரிப்பையும் லின்னேயஸ் பயன்படுத்தினார். அதிலிருந்து எஞ்சிய ஓடுகள் உப்சாலாவில் உள்ளன. ஆனால் வகைமாதிரி என்ற கருத்தே அன்று இல்லாததால், எந்த ஓட்டைப் பார்த்து எழுதினார் என்பதை அவர் குறித்து வைக்கவில்லை.

பல சிற்றினங்களுக்கு ரம்ஃபியஸ், குவால்டியேரி முதலியோரின் நூல்களில் வந்த படங்களையே அவர் மேற்கோள் காட்டினார். அப்படிப்பட்ட படம் ஒன்றை லெக்டோடைப்பாகத் தேர்ந்தால், விதித்தொகுப்பின்படி படம் வகைமாதிரி ஆவதில்லை; படத்தில் வரையப்பட்ட ஓடே வகைமாதிரி, அது எப்போதோ காணாமற் போயிருந்தாலும் கூட. இத்தகைய படங்களைப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: செப்புத் தகட்டில் கண்டபடியே செதுக்கி அச்சிட்டால் உருவம் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலமாக மாறிவிடும். பெரும்பாலான நத்தைகள் வலஞ்சுழியாக இருக்க, அச்சில் அவை இடஞ்சுழியாகத் தோன்றும். ஓவியர் ரெம்பிராண்ட் 1650இல் செதுக்கிய கூம்புச் சங்கும் இப்படித்தான் திசை மாறிப் பதிந்திருக்கிறது. சுழி மாறிய பழைய படத்தைக் கண்டு அரிய இடஞ்சுழி ஓடு என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

கேள்வி: மர அலமாரியில் வைத்திருந்த ஓடுகளின் மேல் வெள்ளைப் பொடி படர்கிறது, புளித்த வாடையும் வருகிறது. இது பூஞ்சையா? அருங்காட்சியகங்களில் இதை எப்படித் தடுக்கிறார்கள்?

பதில்: பூஞ்சையன்று. இதைப் ‘பைன் நோய்’ என்பார்கள். 1899இல் இதைப் பற்றி எழுதிய பைன் என்பவரின் பெயரால் வந்தது. அவர் நுண்ணுயிர்களைச் சந்தேகித்தார். ஆனால் நடப்பது வெறும் வேதிவினை. மரம், குறிப்பாக ஓக் மரம், ஒட்டுப்பலகையின் பசை, மலிவான அட்டை ஆகியவற்றிலிருந்து அசெட்டிக் அமிலமும் ஃபார்மிக் அமிலமும் ஆவியாக வெளிவருகின்றன. மூடிய இழுப்பறையில் அந்த ஆவி தேங்குகிறது; காற்றில் ஈரமும் சேர்ந்தால் ஓட்டின் கால்சியம் கார்பனேட்டைத் தாக்கி, கால்சியம் அசெட்டேட், ஃபார்மேட் போன்ற உப்புகளாக மாற்றுகிறது. நீங்கள் காணும் பொடி அந்த உப்புதான். அதாவது, மேலே படிந்தது போல் தெரிவது உண்மையில் ஓட்டிலிருந்தே அரித்து எடுக்கப்பட்டது.

பெரிய சங்கில் இது பளபளப்பைக் கெடுக்கும். மூன்று மில்லிமீட்டர் உயரமுள்ள நத்தையிலோ அடையாளத்தையே அழித்துவிடும். அத்தகைய நத்தைகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிவது ஓட்டின் மேற்பரப்பில் ஓடும் மெல்லிய வரிகளையும், உச்சியில் எஞ்சியிருக்கும் குஞ்சுப் பருவ ஓட்டையும் வைத்துத்தான். முதலில் அரிபடுவதும் அவைதான். வகைமாதிரி உடையாமல் இருந்தும் எதையும் சொல்ல முடியாத வெண்ணிறத் துணுக்காக நிற்பதைப் பார்ப்பது மிகுந்த வேதனை தருவது.

எனவே நல்ல சேகரிப்புகளில் எஃகு அலமாரிகளும், அமிலம் நீக்கிய தாளும், பாலிஎத்திலீன் உறைகளும் பயன்படுத்தப்படுகின்றன. ஈரப்பதம் ஏறி இறங்காமல் பார்த்துக்கொள்ளப்படுகிறது. தக்கையும் பஞ்சும் தவிர்க்கப்படுகின்றன. சிறு ஓடுகளை வைக்கும் பழைய கண்ணாடிக் குழாய்களும் காலப்போக்கில் சிதைந்து ஓட்டைக் கெடுப்பதால் அவற்றையும் மாற்றுகிறார்கள். உங்கள் ஓடுகளை மரத்திலிருந்து உடனே வெளியே எடுங்கள்; சீட்டுகளைத் தனியே பிரித்து, எது எதற்குரியது என்று குறித்துக்கொண்ட பிறகு, ஓடுகளைத் தூய நீரில் அலசி முழுவதும் உலர்த்துங்கள். பொடி போகும், அரித்த பரப்பு திரும்பாது.

கேள்வி: மரபணு ஆய்வு வந்த பிறகு, உடல் இல்லாத இந்த வெற்று ஓடுகளால் என்ன பயன்?

பதில்: பெயர் அந்த வெற்று ஓட்டோடுதான் கட்டப்பட்டிருக்கிறது, மரபணு வரிசை எவ்வளவு தெளிவாக இருந்தாலும், அதற்குரிய பெயர் எது என்று தெரிய அந்த ஓட்டுக்குத்தான் திரும்பி வரவேண்டும். வழக்கமாக, வகைமாதிரி கிடைத்த இடத்திலேயே புதிதாகச் சேகரித்து, எத்தனாலில் இட்டு, அதன் மரபணுவையும் ராடுலாவையும், அதாவது நாக்குப் பட்டையில் உள்ள பல் வரிசைகளையும் ஆராய்ந்து, ஓட்டைப் பழைய ஓட்டுடன் ஒப்பிடுகிறார்கள். உள்ளே காய்ந்து ஒட்டிய தசையிலிருந்தும், சில வேளை ஓட்டின் பொடியிலிருந்தும் கூட டிஎன்ஏ எடுக்க முடிந்திருக்கிறது. ஆனால் வகைமாதிரியைத் துளையிட ஒப்புதல் தருவதற்கு முன் காப்பாளர் பலமுறை யோசிப்பார். அது முற்றிலும் சரியே.

கேள்வி: எல்லா வகைமாதிரிகளையும் துல்லியமாகப் படமெடுத்துவிட்டால் தீ, வெள்ளம் பற்றிய கவலை தீர்ந்துவிடாதா?

பதில்: தீராது. படம் எடுத்தவர் எந்தக் கோணங்களை நினைத்தாரோ அவை மட்டுமே படத்தில் இருக்கும். அடுத்த தலைமுறை கேட்கப்போகும் கேள்வி அவருக்குத் தெரியாது. 2018 செப்டம்பர் 2 அன்று ரியோ டி ஜெனீரோவின் தேசிய அருங்காட்சியகம் எரிந்தபோது, உள்ளே ஓடிய ஊழியர்கள் தூக்கிவந்தவற்றுள் மெல்லுடலிகளின் வகைமாதிரிகளும் இருந்தன. எதை முதலில் காக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அது எந்த இழுப்பறையில் இருக்கிறது என்பதும் தெரிந்திருந்தது. வகைமாதிரிகளைத் தனி அலமாரியில் வைக்க வேண்டும் என்று வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: காலமான உறவினரின் சேகரிப்பில் ‘பாராடைப்’ என்று எழுதிய சீட்டுடன் ஒரு சிறு ஓடு இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: சீட்டை ஓட்டிலிருந்து பிரிக்காதீர்கள். பழைய சீட்டின் மேல் எதையும் எழுதாதீர்கள். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று சீட்டுகள் இருந்தால் மூன்றும் வேண்டும். ஓட்டின் வாயினுள் மையில் எழுதிய சிறு எண் இருக்கிறதா என்று பாருங்கள். அது பழைய பதிவேட்டின் எண்ணாக இருக்கக்கூடும். பிறகு அந்தச் சிற்றினம் முதலில் வெளியான ஆய்வுரையைத் தேடி, பாராடைப்புகளின் அளவுகளும் இருப்பிடமும் அதில் எவ்வாறு குறிக்கப்பட்டுள்ளன என்று ஒப்பிட வேண்டும். ஆசிரியர் பார்த்தே இராத ஓடுகளிலும் இந்தச் சொல்லைப் பிற்காலத்தில் எழுதி வைத்ததுண்டு. ஒப்புமை சரியாக இருந்தால், ஹோலோடைப் இருக்கும் அருங்காட்சியகத்துக்கு எழுதுங்கள். சீட்டு, எண், ஓட்டின் வாய்ப்புறம், முதுகுப்புறம், உச்சி ஆகியவற்றின் படங்களை முதலில் அனுப்புங்கள். அவர்கள் கேட்டபின் ஓட்டை அனுப்பலாம்.