வாயைக் கட்டச் சொல்வதற்கு முன்

அன்புள்ள ஐயா,

சிலி நாட்டில் உணவுப் பொட்டலங்களின் மேல் கருப்பு முத்திரை இடுவது பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். எனக்கு உடன்பாடில்லை. உடம்பு பெருப்பது அவரவர் வாயைக் கட்டாததால் வருவது. இதில் அரசாங்கம் என்ன செய்யும்? என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். எடை கூடிக்கொண்டே போகிறது. எவ்வளவு சொன்னாலும் பள்ளி விட்டதும் கடையில் ஏதாவது வாங்கித் தின்கிறாள். இப்போது இரவுச் சாப்பாட்டை நிறுத்தியிருக்கிறோம். எங்கள் காலத்தில் இவ்வளவு குண்டுப் பிள்ளைகளைப் பார்த்ததில்லை. கட்டுப்பாடு போய்விட்டது என்பதைத் தவிர வேறென்ன காரணம்?

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்.,

முதலில், மகளின் இரவுச் சாப்பாட்டை நிறுத்தாதீர்கள். வளர்கிற பிள்ளை. பட்டினி போட்டால் மறுநாள் பசி இரட்டிப்பாக வரும், அந்தப் பசிக்கும் அதே கடைக்குத்தான் போவாள். ஒரு குழந்தை நல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். தைராய்டு, மாதவிடாய்ச் சிக்கல் ஏதாவது இருக்கிறதா என்று அவர் பார்க்கட்டும். சொந்தக்காரர்கள் முன்னால் அவள் எடையைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 2015-16இல் தமிழ்நாட்டுப் பெண்களில் சுமார் 31 சதவீதம் பேருக்கு அதிக எடை இருந்தது. 2019-21இல் அது 40 சதவீதம் ஆகிவிட்டது. ஆண்களில் 28இலிருந்து 37. இடைப்பட்ட நான்கைந்து வருடங்களில் இத்தனை லட்சம் பேருக்கு ஒரே நேரத்தில் மன உறுதி போய்விட்டது என்றால் நம்ப முடிகிறதா? நடை குறைந்திருக்கிறது. கையெட்டும் தூரத்தில் விற்பதெல்லாம் மாறியிருக்கிறது.

நமக்குப் பள்ளிக்கூட வாசலில் கிடைத்தது நெல்லிக்காய், மாங்காய்க் கீற்று, வேகவைத்த கடலை. உங்கள் மகள் நிற்கும் கடைக்கு ஒரு நாள் போய் நின்று பாருங்கள். பிள்ளைகளின் கண்ணுக்கு நேரே சரம் சரமாக ஐந்து ரூபாய், பத்து ரூபாய் பாக்கெட்டுகள். பக்கத்தில் ஃப்ரிட்ஜ் நிறையக் குளிர்பானம். 300 மில்லி கோலாவில் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. பெரியவர்களே ஒரு நாள் முழுக்க 25 கிராமுக்குள் நிறுத்திக்கொண்டால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதை ஒரே பாட்டில் தாண்டிவிடுகிறது, வயிறும் நிறைவதில்லை. பிஸ்கட் பாக்கெட்டை எடுத்தால் முன்பக்கம் கோதுமைக் கதிரும் பால் டம்ளரும் பெரிதாக இருக்கும். சர்க்கரைக் கணக்கு பின்பக்கம், மடிப்புக்குப் பக்கத்தில், மூக்குக் கண்ணாடி போட்டாலும் தெரியாத எழுத்தில்.

சிலி கை வைத்தது இந்த முன்பக்கத்தில்தான். கீடோ ஜிரார்தி என்ற செனட்டர், அவரே ஒரு மருத்துவர், 2007இல் இந்த முயற்சியைத் தொடங்கினார். உணவு நிறுவனங்கள் கடுமையாக எதிர்த்தன. 2012இல் சட்டம் நிறைவேறியும் 2016 ஜூனில்தான் நடைமுறைக்கு வந்தது. சர்க்கரை, உப்பு, நெய், பாமாயில் போன்றவற்றில் மிகுந்திருக்கும் நிறைவுற்ற கொழுப்பு, கலோரி இவற்றில் எது வரம்பைத் தாண்டினாலும் முன்பக்கத்தில் கருப்பு எண்கோணம், அதற்குள் 'சர்க்கரை அதிகம்' என்பது போல ஒரு வரி. திட உணவில் 100 கிராமுக்கு 22.5 கிராம் சர்க்கரை என்று தொடங்கிய வரம்பை 2019இல் 10 கிராமாக இறுக்கினார்கள். முத்திரை விழுந்ததைப் பள்ளிக்குள் விற்க முடியாது, பிள்ளைகளைக் குறிவைத்து விளம்பரம் செய்ய முடியாது. காலை உணவு டப்பாவில் சிரித்துக்கொண்டிருந்த கார்ட்டூன் புலியும் போய்விட்டது. முத்திரை விழுந்த இனிப்புப் பானங்களின் விற்பனை கிட்டத்தட்ட கால் பங்கு குறைந்தது. முத்திரையைத் தவிர்க்கவே பல நிறுவனங்கள் தாமாகச் சர்க்கரையைக் குறைத்தன. பிரிட்டன் 2018இல் குளிர்பானச் சர்க்கரைக்கு வரி போட்டபோதும் இதுவே நடந்தது. சிலி மக்கள் எல்லோரும் இளைத்துவிட்டார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கடைக்குப் போகிற ஒரு தாய்க்கு உண்மை ஒரே பார்வையில் தெரிகிறது. அவள் காட்டுகிற கட்டுப்பாட்டுக்கு அப்போதுதான் அர்த்தமிருக்கிறது.

நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022இல் முன்வைத்த வரைவில் எச்சரிக்கை இல்லை, நட்சத்திர மதிப்பீடுதான் இருந்தது. எனக்கு அது பெரிய ஏமாற்றம். எவ்வளவு மோசமான பண்டத்துக்கும் அரை நட்சத்திரமாவது கிடைத்துவிடும், நட்சத்திரத்தை யாரும் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தமிழ்நாட்டில் 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' வீடு தேடி வந்து ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை தருகிறது. மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் மாத்திரை வாசலுக்கு வரும்போது நோய் ஏற்கெனவே வீட்டுக்குள் வந்துவிட்டது. அதற்கு முந்தைய இருபது வருடங்களில் நாம் என்ன செய்தோம் என்பதுதான் என் கவலை.

அப்புறம், நீங்கள் உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. அதே ஆணையத்தின் 2020 பள்ளி உணவு விதிகளின்படி கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்குள்ளும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது. பல ஊர்களில் தலைமை ஆசிரியருக்கே இது தெரிவதில்லை. அந்த விதியை அச்செடுத்து அடுத்த பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்துக்குக் கொண்டுபோங்கள். கடைக்காரரையும் கூப்பிட்டுப் பேசுங்கள், அவருக்கும் பிழைப்பு இருக்கிறது. சுண்டல், கடலை, பழம், மோர் விற்றால் பெற்றோர் ஆதரவு உண்டு என்று அங்கேயே சொல்லுங்கள். கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்