கெஜரேட்டர்: பெட்டியைக் கடைசியில் வாங்குங்கள்

கேள்வி: வீட்டில் நானே பீர் தயாரிக்கிறேன். பாட்டில் கழுவி, அடைத்து அலுத்துவிட்டது. இனி கெக்கில் (பீருக்கான உலோகப் பீப்பாயில்) நிரப்பிக் குழாயில் பிடித்துக் குடிக்க ஆசை. அவ்வப்போது ஆலையிலிருந்து வரும் கெக்கையும் அதிலேயே மாட்ட வேண்டும். ரெடிமேட் கெஜரேட்டர் (கெக்கை உள்ளே குளிரவைத்துக் குழாயில் பீர் தரும் பெட்டி) வாங்கவா, பழைய ஃப்ரிட்ஜை மாற்றிக்கொள்ளவா?

பதில்: வீட்டில் பீர் காய்ச்சச் சட்டம் அனுமதிக்கும் இடத்தில்தான் இருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். இரண்டில் எதுவும் சரிதான். ஆனால் பெட்டியைக் கடைசியில் வாங்குங்கள். அதற்குள் எந்தெந்த கெக் போகும் என்பது முதலில் முடிவாகட்டும்.

வீட்டுத் தயாரிப்புக்குப் பெரும்பாலோர் வைத்திருப்பது கார்னி கெக். ஒருகாலத்தில் குளிர்பான சிரப்புக்காகச் செய்தது. சுமார் 19 லிட்டர் பிடிக்கும்; விட்டம் 22, 23 செ.மீ.தான். ஆலையின் 50 லிட்டர் கெக் அப்படியல்ல. விட்டம் 40 செ.மீ.யை ஒட்டி வரும், நிரம்பியிருந்தால் எடை 60 கிலோவைத் தாண்டும், தலையில் கப்ளர் (கெக்கின் வாயில் பூட்டும் இணைப்பு) மாட்டினால் உயரமும் கூடும். “பெரிய கெக் கொள்ளும்” என்று விளம்பரம் சொன்னால், பீரைத் தள்ளும் கரியமில வாயு சிலிண்டரும் உள்ளே இருக்கும்போது கொள்ளுமா என்று கேளுங்கள். பழைய ஃப்ரிட்ஜில் கதவுத் தட்டுகளும், கம்ப்ரஸருக்காக எழும்பி நிற்கும் மேடும் இடத்தைத் தின்னும். ஆலை பீரை 20 லிட்டர் ஒல்லி கெக்கில் வாங்க முடிந்தால் அதையே வாங்குங்கள். இடமும் மிச்சம், இடுப்பும் பிழைக்கும்.

அடுத்தது இணைப்பு. பணத்தை இங்கே போடுங்கள். கார்னி கெக்குக்குச் சாம்பல் நிறத்தில் கேஸ் இணைப்பான், கறுப்பில் பீர் இணைப்பான் என்று இரண்டு வேண்டும். ஆலை கெக்குக்குக் கப்ளர் வேண்டும். அமெரிக்கக் கெக்குகளில் பெரும்பாலும் ‘டி’ வகை, ஐரோப்பாவில் பரவலாக ‘எஸ்’, சில ஜெர்மன் ஆலைகளுக்கு ‘ஏ’. எந்த பீர் என்று முடிவு செய்தபின் கப்ளர் வாங்குங்கள். கார்னி இணைப்பான்களை, குழாயைச் செருகி கிளாம்ப் போடும் முனையோடு வாங்காமல் மரை உள்ள முனையோடு வாங்கினால், அதே குழாயைக் கழற்றிக் கப்ளரில் மாட்டிவிடலாம்.

ரெடிமேட் செட்டுகளில் எனக்குப் பிடிக்காதது, பல சமயம் உடன் வரும் குட்டையான பீர் குழாய். 3, 4 டிகிரி செல்சியஸ் குளிரில் சாதாரண பீருக்கு 10–12 பி.எஸ்.ஐ. அழுத்தம் தேவை. ஒன்றரை மீட்டர் குழாயில் அந்த அழுத்தம் வேகமாகப் பாய்ந்து கிளாஸ் முழுக்க நுரையாகும். உடனே பலரும் ரெகுலேட்டரைத் திருகி அழுத்தத்தைக் குறைப்பார்கள். சில நாளில் பீர் கேஸ் இறங்கிச் சப்பென்றாகிவிடும். உள்விட்டம் 5 மி.மீ. அளவுள்ள குழாயை 3 மீட்டர் வாங்கிச் சுருட்டி உள்ளே வையுங்கள். முதல் கிளாஸ் மட்டும் நுரைத்தால், பீர் பிடிக்கும் குழாய்த் தலையைத் தாங்கி மேலே நிற்கும் டவர் சூடாக இருக்கிறது என்று அர்த்தம். சின்ன மின்விசிறி வைத்துக் குளிர்காற்றை மேலே அனுப்பினால் போதும்.

குழாய்த் தலை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். குரோம் பூசிய பித்தளை, பூச்சு தேய்ந்ததும் பீரில் உலோக வாடையை இறக்கும். பீர் குழாயை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதற்கான திரவத்தால் கழுவ வேண்டும். அந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள்.

கேள்வி: புது சிலிண்டர் வாங்கவா, பழசு வாங்கவா? எவ்வளவு மீதி என்று மீட்டர் காட்டுமா?

பதில்: நிரப்பித் தரும் கடை உங்கள் சிலிண்டரையே திருப்பித் தருமா, மாற்றித் தருமா என்று கேளுங்கள். மாற்றித் தருவார்கள் என்றால் பளபளக்கும் புதுசு வீண். முதல் முறையிலேயே கீறல் விழுந்த ஒன்று கைக்கு வரும். பழசில் கழுத்தில் பொறித்த சோதனைத் தேதியைப் பாருங்கள். மீட்டரை நம்பாதீர்கள்: உள்ளே திரவமாக இருக்கும்வரை முள் அசையாது, அது தீர்ந்ததும் சட்டென்று விழும். எடை போட்டால்தான் தெரியும். இணைப்புகளில் சோப்பு நீர் தடவிக் கசிவு பாருங்கள். கசியும் கரியமில வாயு காற்றோட்டமில்லாத சிறு அறையில் ஆளை மயக்கிவிடும்.

கேள்வி: கைபம்பு இருந்தால் கேஸே வேண்டாம் என்கிறார் கடைக்காரர்.

பதில்: ஒரே மாலையில் கெக் காலியாகும் விருந்துக்குச் சரி. பம்பு உள்ளே தள்ளுவது வெறும் காற்று. மறுநாளே சுவை கெடத் தொடங்கும்.

கேள்வி: மூடி மேல்பக்கமாகத் திறக்கும் டீப் ஃப்ரீசரின் பக்கவாட்டில் துளை போட்டுக் குழாய் வைக்கலாமா?

பதில்: கூடாது. பெரும்பாலும் குளிர்வாயு ஓடும் குழாய்கள் அந்தச் சுவருக்குள்தான் இருக்கும். மூடிக்கும் பெட்டிக்கும் இடையில் மரச்சட்டம் பொருத்தி அதில் துளையுங்கள். பீர் உறையாமலிருக்கத் தனியாக வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியும் மாட்ட வேண்டும்.