மனித உரிமை விருதுக்கு நம்ம ஆட்களை எப்படிப் பரிந்துரைப்பது? மலையகத்திலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

டிசம்பர் 10 மனித உரிமைகள் தினம் நெருங்கும்போதெல்லாம் வரும் கேள்விகள் இவை. உலக அளவில் கொடுக்கப்படும் மனித உரிமை விருதுகளுக்குத் இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டப்புறத்திலிருந்து ஆட்களை முன்மொழிவது பற்றி இம்முறை வந்தவற்றுக்கு ஒன்றாகப் பதில் தருகிறேன்.

ஹட்டனிலிருந்து ஓர் ஆசிரியை: அக்கா, எங்க டிவிசன்ல ஒருத்தங்க ரொம்ப வருசமா பொம்பளைங்க சம்பளப் பிரச்சினைக்காக முன்னுக்கு நிக்கிறாங்க. கொழுந்து எடுக்கிறவங்கதான். வக்கீல் இல்ல, நிறுவனமும் இல்ல. இப்படிப்பட்டவங்களை அனுப்பலாமா?

தாராளமாக அனுப்பலாம். ஐ.நா. பொதுச்சபை 1998 டிசம்பர் 9ஆம் தேதி 53/144 என்ற தீர்மானத்தின் மூலம் மனித உரிமைக் காப்பாளர்கள் பற்றிய பிரகடனத்தை ஏற்றது. தனியாகவோ பிறரோடு சேர்ந்தோ உரிமைக்காக உழைக்க எவருக்கும் உரிமை உண்டு என்றுதான் அதன் முதல் பிரிவே சொல்கிறது. பதவி, படிப்பு, பதிவு இலக்கம் எதுவும் நிபந்தனை இல்லை. அவர் செய்த வேலையும், அது அமைதி வழியில் நடந்ததா என்பதும்தான் பார்க்கப்படும். வன்முறையைத் தூண்டிப் பேசிய ஒரே ஒரு வீடியோ இருந்தாலும் கோப்பு அங்கேயே நின்றுவிடும். அதை முதலில் நீங்களே தேடிப் பாருங்கள்.

பதுளை: எந்த விருதுக்கு யார் பரிந்துரைக்கலாம்? நோபலுக்கே போட்டால் என்ன?

நோபல் சமாதானப் பரிசுக்கு நீங்களோ நானோ பரிந்துரைக்க முடியாது. நாடாளுமன்ற உறுப்பினர்கள், அமைச்சர்கள், சட்டம், வரலாறு, சமூக விஞ்ஞானம், மெய்யியல், சமயம் போன்ற துறைகளின் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள், முன்னர் பரிசு பெற்றவர்கள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. நுவரெலியா எம்.பி. ஒருவரோ பேராதனையின் சட்டப் பேராசிரியர் ஒருவரோ செய்யலாம். ஜனவரி 31 கடைசி நாள். பெயர்களை 50 வருடம் வெளியிட மாட்டார்கள். ஆகவே "நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டவர்" என்று கட்டவுட் வைப்பதில் ஒரு அர்த்தமும் இல்லை. ஒவ்வொரு வருடமும் நூற்றுக்கணக்கானவர்கள் பரிந்துரைக்கப்படுகிறார்கள்.

ஐ.நா.வின் மனித உரிமைப் பரிசு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை. 1966இல் ஏற்படுத்தி 1968இல் முதல்முறை கொடுத்தார்கள். கடைசியாக 2023இல் கொடுத்தார்கள், அந்தக் கணக்கில் அடுத்தது 2028. பணம் கிடையாது, கௌரவம் மட்டும். ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் சாகரோவ் பரிசுக்கு அந்த நாடாளுமன்றத்தின் அரசியல் குழு ஒன்றோ குறைந்தது 40 உறுப்பினர்களோ முன்மொழிய வேண்டும். அங்கே ஆள் தெரியாவிட்டால் நேரம்தான் வீண். அமெரிக்க இராஜாங்கத் திணைக்களம் 2007 முதல் கொடுக்கும் துணிச்சல்மிக்க பெண்கள் விருதுக்கு அந்தந்த நாட்டிலுள்ள தூதரகம் பெயரை அனுப்பும். இலங்கையிலிருந்து 2017இல், காணாமலாக்கப்பட்ட ஊடகவியலாளரின் மனைவி சந்தியா எக்னெலிகொடவுக்கும் 2021இல் சட்டத்தரணி ரனித்தா ஞானராஜாவுக்கும் அப்படித்தான் கிடைத்தது.

நம் மாதிரி ஆட்களுக்குக் கதவு திறந்திருப்பது வேறு சில இடங்களில். ஸ்டொக்ஹோமிலிருந்து 1980 முதல் கொடுக்கப்படும் ரைட் லைவ்லிஹுட் விருதுக்கு யாரும் யாரையும் பரிந்துரைக்கலாம், ஆனால் தன்னைத்தானே பரிந்துரைக்கக் கூடாது. டப்ளினிலுள்ள ஃபிரன்ட் லைன் டிஃபென்டர்ஸ் 2005 முதல் விருது கொடுக்கிறது. ஆபத்தில் இருந்துகொண்டு வேலை செய்கிறவர்கள்தான் அதன் இலக்கு. ஜெனீவாவின் மார்ட்டின் என்னல்ஸ் விருதைச் சர்வதேச மனித உரிமை அமைப்புகள் சேர்ந்த நடுவர் குழு தீர்மானிக்கிறது. 2007இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மனித உரிமை ஆசிரியர் அமைப்பின் ராஜன் ஹூலும் கோபாலசிங்கம் ஸ்ரீதரனும் அதைப் பெற்றார்கள். ஹட்டன் ஆசிரியை கேட்ட மாதிரி ஆளுக்கு ஃபிரன்ட் லைன், மார்ட்டின் என்னல்ஸ் இந்த இரண்டில் ஒன்றையே முதலில் பார்ப்பேன். கடைசித் தேதி வருடத்துக்கு வருடம் மாறும், அந்த வருட அறிவித்தலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தலவாக்கலை: சேர்மார் ரெண்டு பேர் சேர்ந்து நாலு பக்கம் எழுதிட்டோம். "ஏழைகளின் விடிவெள்ளி"ன்னு தொடங்கியிருக்கோம். சரியா?

அந்த நாலு பக்கத்தையும் பொன்னாடை போர்த்தும் கூட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், படிவத்தில் வேண்டாம். நூற்றுக்கணக்கான கோப்புகளைப் படிக்கிற நடுவருக்கு "தன்னலமற்ற சேவை", "மக்கள் மனங்களில் நீங்கா இடம்" எல்லாம் எந்த நாட்டிலிருந்து வந்தாலும் ஒரே மாதிரித்தான் இருக்கும்.

இந்த மாதிரி எழுதிப் பாருங்கள் (ஆளும் எண்களும் கற்பனை): "2021 ஜூன் முதல் 18 கிலோவுக்குக் குறைவாகப் பறித்தவர்களுக்கு அரைப் பேர், அதாவது பாதி நாட்சம்பளம் மட்டும் போடப்பட்டது. இவர் 34 பெண்களின் சம்பளத் துண்டுகளைச் சேர்த்து, தொழில் திணைக்களத்தின் மாவட்டக் காரியாலயத்தில் முறைப்பாடு கொடுத்தார். ஏழு மாதத்தின் பின் 29 பேருக்குப் பிடித்த பணம் திரும்பக் கிடைத்தது. அந்த ஏழு மாதமும் இவரைத் தனியாகத் தூர மலைக்கு அனுப்பினார்கள். மகனுக்குக் கொடுத்துவந்த கைக்காசு வேலையை (பறித்த கிலோவுக்கு உடன் காசு தரும் வேலை) நிறுத்தினார்கள்."

பிரச்சினை, அவர் செய்த காரியம், விளைவு, அவர் கொடுத்த விலை நாலும் அதில் இருக்கின்றன. 34இல் 29 பேருக்குத்தான் கிடைத்தது என்றால் 29 என்றே எழுதுங்கள். முழு வெற்றி என்று எழுதி, பின்னர் விசாரிக்க வந்தவரிடம் மீதி ஐந்து பேர் வேறு கதை சொன்னால் மொத்தக் கோப்பிலும் சந்தேகம் விழும். விசாரிப்பார்கள், அதில் சந்தேகமே வேண்டாம்.

இன்னொன்று. லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம், வேலை போனால் குடும்பமே தெருவுக்கு வரலாம் என்பது ஜெனீவாவில் இருப்பவருக்குத் தெரியாது. ஒரே ஒரு வசனத்தில் அதைச் சொல்லுங்கள். பிரட்டில், அதாவது காலையில் வேலை பிரிக்கும் இடத்தில், எல்லார் முன்னாலும் துரையிடம் (தோட்ட முகாமையாளரிடம்) கேள்வி கேட்பது ஏன் துணிச்சலான காரியம் என்று அப்போதுதான் விளங்கும். 1948 பிரஜாவுரிமைச் சட்டத்திலிருந்து ஆரம்பித்து 200 வருட வரலாறு எழுத வேண்டாம்.

அதே தலவாக்கலை: தமிழிலேயே அனுப்பலாமா?

பெரும்பாலும் ஆங்கிலம்தான் கேட்பார்கள். மூலத்தைத் தமிழில் எழுதி முடித்து, சம்பந்தப்பட்டவருக்கு வாசித்துக் காட்டிய பிறகு மொழிபெயருங்கள். மொழிபெயர்ப்பாளர் வீரம் சேர்க்கிறாரா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது, சேர்ப்பார்கள்.

பண்டாரவளை: ஆதாரம் ஒண்ணும் கையில இல்ல. பழைய பேப்பர் கட்டிங் மட்டும் இருக்கு.

கட்டிங்கில் பத்திரிகையின் பெயரும் தேதியும் இல்லாவிட்டால் பாதி மதிப்பு போய்விடும். ஓரத்தில் எழுதி, முழுப்பக்கத்தையும் போட்டோ எடுத்து வையுங்கள். முறைப்பாடு, கடிதம், தொழில் நியாய சபைத் தீர்ப்பு ஆகியவற்றின் பிரதி தொலைந்திருந்தால் 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தோட்டக் கம்பெனியிடம் கேட்டு மல்லுக்கட்டுவதைவிட, முறைப்பாடு எந்த அரச காரியாலயத்துக்குப் போனதோ அங்கே தமிழிலேயே விண்ணப்பம் கொடுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தாலோ பதிலே வராவிட்டாலோ, அதே நிறுவனத்தில் மேன்முறையீட்டைக் கேட்கும் அலுவலருக்கு 14 நாளுக்குள் எழுத வேண்டும். தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு அதற்குப் பிறகுதான். இதற்கே இரண்டு மூன்று மாதம் ஓடிவிடும். விருது அறிவித்தலைப் பார்த்த பிறகு ஆதாரம் தேடத் தொடங்கினால் அந்த வருடம் தப்பிவிடும்.

மஸ்கெலியா: அவருக்குச் சொல்லாம செஞ்சு, கிடைச்சதும் சந்தோஷப்படுத்தலாம்னு இருக்கோம்.

தயவுசெய்து வேண்டாம். இங்கே பெரும்பாலான கோளாறு இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. பெயர் வெளியானதும் போன் வரத் தொடங்கும், தோட்டத்திலிருந்தும், கட்சிக்காரர்களிடமிருந்தும், சில நேரம் புலனாய்வுப் பிரிவிலிருந்தும். அதைத் தாங்கப் போகிறவர் நீங்கள் அல்ல. அவரும், அதே லயத்தில் இருக்கிற அண்ணன் தம்பி குடும்பமும்தான்.

ஆகவே முதலில் அவரோடு உட்காருங்கள், வீட்டாரும் இருக்கட்டும். இது வெளியே வந்தால் யாருக்குக் கோபம் வரும்? கோபம் வந்தால் அவர்களால் என்ன செய்ய முடியும், வேலையையா, வீட்டையா, பிள்ளையின் சிபாரிசுக் கடிதத்தையா? அப்படி நடந்தால் அன்றைக்கே யார் வந்து நிற்பார்கள்? மூன்றாவது கேள்விக்குப் பெயரோடு பதில் இல்லாவிட்டால் இந்த வருடம் விட்டுவிடுங்கள். சம்மதித்தால் எழுத்தில் வாங்குங்கள். வாசிக்கத் தெரியாதவர் என்றால் கடிதத்தை வாசித்துக் காட்டி, அவர் குரலில் பதிவு செய்யுங்கள். பெயர் சொல்லலாமா, போட்டோ போடலாமா, ஊர் பெயர் சொல்லலாமா என்று தனித்தனியாகக் கேளுங்கள். ஒன்றுக்குச் சரி என்றவர் மற்றதுக்கு வேண்டாம் என்பார். இடையில் மனம் மாறினால் அதோடு நிறுத்த வேண்டியதுதான்.

கோப்பில் பெயர் வரும் மற்றவர்களுக்கும் இதே விதிதான். அந்த 34 பெண்களின் சம்பளத் துண்டையும் அப்படியே ஸ்கேன் பண்ணி இணைக்கக் கூடாது. அடையாள அட்டை இலக்கத்தையும் ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) இலக்கத்தையும் மறைத்துவிடுங்கள். வட்ஸ்அப் குரூப்பில் கோப்பைச் சுற்ற விடவும் வேண்டாம்.

நாவலப்பிட்டி: சிபாரிசுக் கடிதம் எம்.பி.கிட்ட வாங்கினா வெயிட்டா இருக்குமே?

எடை கூடும், ஆனால் சந்தேகத்தின் எடை. நம் பக்கம் தொழிற்சங்கமும் கட்சியும் ஒன்றோடொன்று பின்னியிருப்பது வெளியில் இருப்பவர்களுக்கும் தெரியும். வழக்கில் ஆஜரான சட்டத்தரணி, சம்பவத்தைப் பார்த்த பங்குத்தந்தை, ஓய்வுபெற்ற அதிபர் போன்றவர்கள் நேரில் தெரிந்ததை மட்டும் ஒரு பக்கம் எழுதினால் போதும். உறவினர் வேண்டாம். மூன்று கடிதமும் ஒரே வசனத்தோடு வந்தால் ஒரே ஆள் எழுதியது என்று உடனே தெரிந்துவிடும்.

மாத்தளை: கொழும்பு ஹோட்டல்ல "உலக மனித உரிமைத் தூதுவர்" விருதும் கலாநிதி பட்டமும் தர்றாங்களாம். பதிவுக் கட்டணம் மட்டும் கட்டணும்னு லெட்டர் வந்திருக்கு.

கட்டாதீர்கள். மேலே சொன்ன விருது எதற்கும் பரிந்துரைக்கக் காசு இல்லை, வாங்கவும் காசு இல்லை. கடிதத்தில் ஐ.நா. சின்னம் இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். அந்தச் சின்னத்தை அனுமதியில்லாமல் பயன்படுத்தக் கூடாது என்று 1946லேயே பொதுச்சபை தீர்மானித்துவிட்டது. போன வருடம் யாருக்குக் கொடுத்தார்கள், என்ன காரியத்துக்காக, நடுவர்கள் யார் என்று எழுதிக் கேட்டுப் பாருங்கள். பதிலாக மேசை விலையும் போட்டோ பக்கேஜும் வந்தால் விளங்கிவிடும். இப்படி ஒன்றை வாங்கியவரின் பெயர் பிறகு உண்மையான விருதுக்குப் போகும்போது, இணையத்தில் தேடுகிற நடுவர் கண்ணில் முதலில் படுவது அந்தத் தொப்பியும் அங்கியும்தான்.

டயகம: முல்லோயா கோவிந்தனுக்கும் சிவனு லெட்சுமணனுக்கும் இப்போ வாங்கித் தர முடியுமா?

1940 ஜனவரியில் முல்லோயாவிலும் 1977 மே மாதம் டெவன் தோட்டத்திலும் பொலிஸ் சூட்டில் உயிர் விட்டவர்கள் அவர்கள். நோபல் இறந்தவர்களுக்குக் கொடுக்கப்படுவதில்லை. ஆபத்திலுள்ளவர்களுக்கான விருதுகளின் நோக்கமே உயிரோடிருப்பவர்களைக் காப்பது. ஐ.நா. பரிசு மட்டும் மறைந்தவர்களுக்கும் போயிருக்கிறது: 1968இல் எலினோர் ரூஸ்வெல்ட், 1978இல் மார்ட்டின் லூதர் கிங், 2018இல் பாகிஸ்தானின் அஸ்மா ஜஹாங்கீர். ஆனால் அஸ்மா அந்த வருடம்தான் காலமானவர். எண்பது வருடம் கழித்து ஒரு பெயரை எடுப்பார்கள் என்று நம்பிக்கை தர மாட்டேன். அந்த உழைப்பை வாய்மொழிச் சாட்சியங்களைப் பதிவு செய்வதில் போடுங்கள். டெவன் சம்பவத்தைக் கண்ணால் கண்டவர்களுக்கு இப்போது வயது போய்விட்டது.

கண்டி: டிசம்பர் 10க்கு நாங்களே ஒரு கூட்டம் வெச்சு, வேற வேற நாட்டுக்காரங்களையும் கௌரவிக்கலாம்னு யோசிக்கிறோம். யாரை எடுக்கலாம்?

நல்ல யோசனை. நம் பிரச்சினையோடு ஒட்டுகிறவர்களை எடுங்கள். 2018இல் ஐ.நா. பரிசு பெற்றவர்களில் பிரேசிலின் ஜோனியா வப்பிசானா, பழங்குடி மக்களின் காணி உரிமைக்காக உச்ச நீதிமன்றம் வரை போன சட்டத்தரணி. வீட்டுக் காணி ஏழு பேர்ச்சா பத்து பேர்ச்சா, அதற்கு உறுதியா அனுமதிப்பத்திரமா என்று பேசுகிற நமக்கு அவர் கதை உடனே ஒட்டும். அதே வருடம் தன்சானியாவின் ரெபெக்கா கியூமி. சிறுமிகளுக்குத் திருமணம் செய்ய இடம் கொடுத்த சட்டப்பிரிவை நீதிமன்றத்தில் எதிர்த்து வென்றவர். 2023இல் கொங்கோவின் ஜூலியன் லுசெங்கே, பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களுக்காக உழைப்பவர்.

நம் மண்ணோடு தொடர்புள்ள வெளிநாட்டுக்காரர் வேண்டுமென்றால் மார்க் அன்டனி பிரேஸ்கேர்டலை விடாதீர்கள். இங்கிலாந்தில் பிறந்து, அவுஸ்திரேலியாவிலிருந்து 1936இல் தோட்டத்தொழில் பழக மடுல்கெலைப் பக்கம் வந்தவர். தொழிலாளர் பக்கம் சாய்ந்ததால் வேலை போனது. 1937 ஏப்ரலில் நாவலப்பிட்டிக் கூட்டத்தில் துரைமாரைக் கண்டித்துப் பேசியதும் நாடு கடத்தக் கட்டளை வந்தது. உச்ச நீதிமன்றம் அந்தக் கட்டளை செல்லாது என்று அவரை விடுவித்தது. வழக்கு விபரத்தை ஒரு பதாகையில் போட்டாலே பிள்ளைகள் நின்று வாசிப்பார்கள்.

உயிரோடிருப்பவரை எடுத்தால் அவர் அமைப்புக்கு முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். சிலருக்குத் தம் நாட்டில் வழக்கு இருக்கும், நம் மேடையில் போடும் வாசகம் அங்கே ஆதாரமாகப் போகலாம்.

ராகலை: கிடைச்சிட்டா போறதுக்கு பாஸ்போர்ட் இல்ல. பிறப்புச் சான்றிதழும் இல்ல.

கிடைத்த பிறகு ஓடினால் நேரம் காணாது. பரிந்துரை அனுப்பிய அன்றே தொடங்குங்கள். பதிவாளரிடம் தேடுதல் விண்ணப்பம் கொடுத்து, பதிவு இல்லை என்று அறிக்கை வாங்கினால்தான் உத்தேச வயதுச் சான்றிதழுக்குப் போகலாம். அடையாள அட்டையில் ஓர் எழுத்துக்கூட்டு, விவாகச் சான்றிதழில் வேறொன்று என்பது நம் பக்கம் சகஜம். விருதுப் படிவத்தில் அடையாள அட்டையில் உள்ள மாதிரியே எழுதுங்கள், அழைப்புக் கடிதமும் விசாவும் அதன்படிதான் வரும். ஜெனீவாவுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்னிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாளாவது முந்தியிருக்க வேண்டும். திரும்பும் தேதிக்கு அப்பால் மூன்று மாதமாவது பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும்.

ஹட்டன் ஆசிரியை மறுபடியும்: யாராவது வந்து மிரட்டினா உடனே என்ன செய்யணும் அக்கா?

வந்த நேரம், வாகன இலக்கம், சொன்ன பெயர், சொன்ன பொலிஸ் நிலையம், கேட்ட கேள்வி எல்லாவற்றையும் அன்றைக்கே எழுதிக் கையொப்பமிடுங்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 இலக்கத்துக்கு அழைத்து முறைப்பாட்டு இலக்கத்தை வாங்குங்கள். அடிப்படை உரிமை மீறல் மனுவை உச்ச நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்திருந்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. விருது நிறுவனத்துக்கும் அன்றே அறிவியுங்கள். ஐ.நா.வோடு தொடர்புகொண்டதற்காக யாரையாவது பழிவாங்கினால் அதைக் கவனிக்க 2016 முதல் அங்கே தனியாக ஓர் உயர் அதிகாரி இருக்கிறார், அவருக்கும் அனுப்பலாம். பேஸ்புக்கில் போடுவதா இல்லையா என்பதை மட்டும் மிரட்டப்பட்டவரே தீர்மானிக்கட்டும்.