கப்பல் பெயரை விடுங்கள், முதலில் வருஷத்தைப் பிடியுங்கள்

கேள்வி: எங்கள் கொள்ளுத்தாத்தாவின் அண்ணன் நெல்லிக்குப்பத்திலிருந்து புதுச்சேரிக்குப் போய், பாய்க்கப்பல் ஏறி ஏதோ பிரெஞ்சுத் தீவுக்குக் கூலிவேலைக்குப் போய்விட்டாராம். கப்பல் பெயர் தெரியவில்லை. அவர் வம்சத்தைக் கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: முயன்று பார்க்க வழி இருக்கிறது. கப்பல் பெயர் தெரியாதது பெரிய குறையில்லை. 'ஒரேலி' என்ற கப்பல் 1853 மே 6 அன்று மேற்கிந்தியத் தீவுகளில் உள்ள பிரெஞ்சுத் தீவான மார்த்தினிக்கில் நம் ஆட்களை இறக்கியது. அதே கப்பல்தான் 1854 டிசம்பர் 24 அன்று அங்கேயுள்ள இன்னொரு பிரெஞ்சுத் தீவான குவாதலூப்புக்கும் கொண்டுபோனது. பெயர் கிடைத்தாலும் எந்தத் தீவு என்பது தெரியாது.

வருஷம்தான் முக்கியம். அவர் போனது தாது வருஷப் பஞ்சத்துக்கு (1876–78) முன்பா, பின்பா என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். பழைய பாகப்பிரிவினைப் பத்திரங்களில் எந்த வருஷத்திலிருந்து அவர் பெயர் காணவில்லை என்றும் பாருங்கள். இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனுக்கு ஆள் அனுப்புவதை ஆங்கில அரசு 1882-ல் நிறுத்தியது. மார்த்தினிக்குக்கும் குவாதலூப்புக்கும் அனுப்பியதும் 1880-களுக்குள் ஏறக்குறைய முடிந்துவிட்டது. அதற்கப்புறம் போனவர் என்றால், சென்னையில் கப்பல் ஏறித் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிக்குப் போன கூட்டத்தில் தேடுவதே சரி. அது 1911 வரை நடந்தது.

நெல்லிக்குப்பம் ஆங்கிலேயர் சீமை ஆயிற்றே என்று குழம்ப வேண்டாம். 1861 ஒப்பந்தப்படி ஆங்கிலக் குடிகளையும் பிரெஞ்சுக்காரர்கள் சேர்த்துக்கொள்ளலாம். புதுச்சேரியில் பெரிய கப்பல் கரைக்கு வராது. ஆட்களைச் சலங்கு என்ற படகில் ஏற்றி, அலை தாண்டிக் கொண்டுபோய்க் கப்பலில் விடுவார்கள். மேற்கிந்தியத் தீவு என்றால் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி ஏறக்குறைய மூன்று மாதம். ஐந்து வருஷ ஒப்பந்தம் முடிந்தால் திரும்பும் பயணம் இலவசம் என்று எழுதியிருந்தும் எத்தனையோ பேர் ஊர் திரும்பவில்லை. அவர் உங்களை மறந்துவிட்டார் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

தீவை ஓரளவு ஊகித்ததும், பிரான்சில் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரிலுள்ள கடல்கடந்த பகுதிகளுக்கான ஆவணக் காப்பகத்தின் இணையதளத்துக்குப் போங்கள். அந்தத் தீவுகளின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளை இலவசமாகப் பார்க்கலாம். இறப்புப் பதிவில் தொடங்குங்கள். பெயரைப் பிரெஞ்சு எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். முருகப்பன் 'மூருகாப்பா' ஆகியிருக்கலாம். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். பெயருக்குப் பக்கத்தில் பதிவு எண் இருந்தால் உடனே குறித்துக்கொள்ளுங்கள்; ஒரே பெயரில் பலர் இருந்தாலும் அந்த எண் ஒருவருக்குத்தான்.

இன்றைய வாரிசுகளைத் தேடும்போது, அவருடைய பெயரையே குடும்பப் பெயராகப் போட்டுத் தேடுங்கள். அங்கே அப்பா பெயர் அப்படித்தான் வம்சப் பெயராக நின்றது. முன்னால் ஜோசப், மரி என்று இருந்தால் நம்மவர் இல்லை என்று ஒதுக்கிவிடாதீர்கள்.