மலையகத்துச் சாரதிகள்தான் மிக மோசமாக ஓட்டுகிறார்களா?

கொழும்பு, யாழ்ப்பாணம், மலையகம், தமிழ்நாடு என நான்கையும் ஒப்பிட்டு, மலையகத்தில்தான் வாகனம் ஓட்டும் பழக்கம் மோசம் என்று நீங்களே முடிவு கட்டிவிட்டு, அதற்குக் காரணத்தை மட்டும் கேட்டிருக்கிறீர்கள். விடுமுறைக்கு நுவரெலியா வந்த வழியில் ஏதோவொரு தனியார் பஸ் உங்களை ஓரங்கட்டியிருக்க வேண்டும். தலவாக்கலையில் வாடகை வேன் ஓட்டிப் பிழைப்பவன் என்ற முறையில் இதைப் படித்துவிட்டுப் பேசாமல் போக எனக்கு மனம் வரவில்லை.

எங்களிடம் குறையே இல்லை என்று நான் சாதிக்க வரவில்லை. அப்படிச் சொன்னதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். நேரத்தைப் பிடிப்பதற்காக முடக்கில் முந்துகிற பஸ்களும், எரிபொருளை மிச்சப்படுத்த இறக்கத்தில் நியூட்ரலில் விடுகிற ஓட்டோக்களும், மூடுபனியில் விளக்குப் போடாமல் வருகிற லொறிகளும் இங்கே உண்டு. ஆனால் கொழும்பில் இரண்டு வரிசைக்குரிய வீதியில் நான்கு வரிசையாக நுழைவதும், யாழ்ப்பாணத்தில் ஒழுங்கையிலிருந்து இருபுறமும் பாராமல் பிரதான வீதியில் ஏறுவதும் இவற்றுக்குக் குறைந்த பழக்கங்கள் அல்ல. சமதரையில் தவறைத் திருத்திக்கொள்ளச் சில அடி இடமாவது கிடைக்கும். இங்கே வெள்ளைக் கோட்டுக்கு அப்பால் பள்ளம்தான் இருக்கிறது.

சென்ற ஆண்டு இறம்பொடையிலிருந்து கம்பளைப் பக்கமாக இரண்டாம் கியரில் இறங்கிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்த வெளியூர் வேன் ஒன்று விடாமல் ஹோர்ன் அடித்து, முந்தும்போது கண்ணாடியை இறக்கி என்னைத் திட்டிவிட்டுப் போனது. புசல்லாவைக்குச் சற்று முன்னால் அதே வேன் ஓரமாக நின்றது. முன் சக்கரத்தின் இடுக்கிலிருந்து வெண்புகை வந்துகொண்டிருக்க, கருகிய நாற்றம் என் வேனுக்குள்ளேயே அடித்தது. ஒரு வயதான அம்மா லீக்ஸ் கட்டை மடியில் அணைத்தபடி மதகுக் கட்டில் உட்கார்ந்திருந்தார். சாரதிப் பையன் போத்தல் தண்ணீரைச் சக்கரத்தில் ஊற்றப் போனான். “தம்பி, ஊத்தாதீங்க, சூட்டுல வெடிச்சிரும்” என்று தடுத்து, தானாக ஆறும்வரை நிற்க வைத்தேன். “பிரேக்கை மிதிச்சா உள்ளே போகுது அண்ணே” என்றான். நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, கம்பளை ஏறத்தாழ 500 மீற்றரில். அவ்வளவு இறக்கத்தையும் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அதன் எண்ணெய் கொதித்து ஆவிக்குமிழிகள் உண்டாகும். பிறகு காலால் எவ்வளவு அழுத்தினாலும் அழுத்தம் சக்கரத்துக்குப் போய்ச் சேராது.

1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட என் அத்தையின் குடும்பம் கோத்தகிரியில் இருப்பதால் நீலகிரியின் வீதிகளையும் பார்த்திருக்கிறேன். அங்கே ஹோர்ன் சத்தம் காதைப் பிளக்கும்; அடித்துவிட்டால் எதிரே வருபவர் விலகியாக வேண்டும் என்ற எண்ணமும் பலருக்கு உண்டு, அதை நான் ஆதரிக்கவில்லை. ஆனாலும் ஏறி வரும் வாகனத்துக்கு இறங்கி வருபவர் வழிவிட வேண்டும் என்ற விதியை, நான் போன வழிகளில், அரசுப் பஸ் சாரதிகள் முடக்குக்கு முடக்கு மதித்தார்கள். எங்கள் பழைய தேயிலைத் தோட்ட லொறிச் சாரதிகளும் அப்படித்தான் ஓட்டினார்கள்.

2025 மே மாதம் கொத்மலை கெரண்டி எல்லயில் 23 பேரைப் பலிகொண்ட பஸ் கதிர்காமத்திலிருந்து குருநாகல் போய்க்கொண்டிருந்தது. அதே ஆண்டு செப்டெம்பரில் எல்ல–வெல்லவாய வீதியில் 15 பேர் இறந்த பஸ் தங்காலையிலிருந்து வந்தவர்களை ஏற்றிச் சென்றது. அந்தச் சாரதிகள்மீது நான் பழி போடவில்லை. விபத்து நடந்த இடம் மலையகம் என்பதற்காக மலையகத்தானின் பழக்கத்தைக் கணக்குப் பார்ப்பது நியாயமில்லை என்றுதான் சொல்கிறேன்.

வீதியைப் பற்றியும் யாராவது கேளுங்கள். 2018இல் சட்டம் திருத்தப்படும் வரை பிரதேச சபைகள் தோட்டங்களுக்குள் பணம் செலவிடுவதற்கே சட்டம் தடையாக இருந்தது. அதன் பிறகும் எங்கள் தோட்டத்து வீதியில் மழைக்காலத்தில் கர்ப்பிணியை ஏற்றிக்கொண்டு முதலாம் கியரில் ஊர்ந்துதான் போகிறேன். இப்படி ஓட்டிப் பழகியவர்களையா மோசமான சாரதிகள் என்கிறீர்கள்?

அடுத்த முறை வரும்போது, இறக்கம் தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். தானாக மாறும் ஒட்டோ கியர் என்றால் ‘L’ அல்லது ‘2’இல் போடுங்கள். பின்னால் வருபவர் அவசரப்பட்டால் அகலமான இடம் பார்த்து ஒதுங்கி அவரைப் போகவிடுங்கள்.